மேலே ஏறினால் கரும்புகை: பழைய டீசல் காருக்கு உயரத்தில் என்ன ஆகிறது?

சமவெளியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் கார், மலைமேல் ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் இழுவை இல்லை. பின்னால் கரும்புகை மட்டும் தாராளமாக வருகிறது. மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கிறது. வண்டிக்காரரின் முதல் சந்தேகம் கடைசியாகப் போட்ட டீசல் மேல் விழும். அடுத்து டீசலை அளந்து அடிக்கும் பம்ப், அப்புறம் அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில். கடைசியில் "எஞ்சினே தேய்ந்துவிட்டது, இறக்கிப் பார்க்கணும்" என்ற தீர்ப்பு வந்துவிடும்.

பல வண்டிகளில் இவை எதுவுமே உண்மையான காரணம் இல்லை. குறைந்திருப்பது காற்று. அதைப் புரிந்துகொண்டால் எதைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது கிட்டத்தட்ட தானாகத் தெளிந்துவிடும். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத, முழுக்க மெக்கானிக்கல் பம்பில் ஓடும் கார்களைத்தான் இந்தக் கட்டுரை முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. புதிய வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது; இந்தக் கணக்கை அவை தாங்களே போட்டுக்கொள்கின்றன.

உயரத்தில் உண்மையில் எது குறைகிறது?

"மேலே ஆக்ஸிஜன் கம்மி" என்று சொல்வது வழக்கம். சரிதான், ஆனால் பாதி சரி. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எந்த உயரத்திலும் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அடர்த்தி. ஒரு லிட்டர் இடத்துக்குள் அடங்கும் காற்றின் எடை குறைகிறது, அதோடு ஆக்ஸிஜனும் குறைகிறது.

விமானத் துறையில் பயன்படும் திட்ட வளிமண்டலக் கணக்குப்படி கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 2,000 மீட்டர் உயரத்தில் அது சுமார் 1.007 கிலோ. 3,000 மீட்டரில் 0.909. 4,000 மீட்டரில் 0.819. அதாவது 3,000 மீட்டரில் கால்வாசிக்கும் சற்று மேலாகவும், 4,000 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கும் காற்று காணாமல் போய்விடுகிறது. டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தன் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும் என்று சொல்லப்படும் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இதோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்து வரும். ஒன்று குளிர்: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இன்னொன்று, குறைந்த காற்றழுத்தம் காரணமாகத் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கிறது. இவை இரண்டும் காரில் தனித்தனி இடங்களில் தலைகாட்டும், பின்னால் பார்க்கலாம்.

காற்றுக்குத் தடை இல்லை, டீசலுக்குத்தான் கணக்கு

கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினில், ஆக்ஸிலரேட்டர் காற்று போகும் பாதையைத் திறந்து மூடுகிறது. பழைய டீசலில் பெரும்பாலும் அப்படி ஒரு கதவே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் இழுக்க முடிந்த அளவு காற்றை முழுதாக இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் மாற்றுவது, பம்ப் எவ்வளவு டீசலை அடிக்கிறது என்பதை மட்டும்தான்.

இதனால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது: சமமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது எஞ்சினுக்குத் தேவையான டீசல் குறைவு, சிலிண்டரில் காற்று ஏராளமாக மிஞ்சிக் கிடக்கிறது. மலைமேல் அதில் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றும் தெரியாது. "மேலே போன பிறகும் ஊருக்குள் நன்றாகத்தானே ஓடுகிறது, ஏற்றத்தில் மட்டும் ஏன் இப்படி?" என்ற குழப்பத்துக்கு இதுவே விடை.

கெட்டது முழு மிதியில் தெரியும். 1 கிராம் டீசல் மிச்சமில்லாமல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிராம் காற்று வேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் தெளித்த டீசலும் காற்றும் ஒரே சீராகக் கலப்பதில்லை. அதனால் புகை வராமல் ஓடக் கையில் கூடுதல் காற்று வேண்டும். கடல் மட்டத்தில் முழு மிதியில் 1 கிராமுக்கு 20 கிராம் காற்று கிடைக்கும்படி பம்பை அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பம்ப், அதே அளவு டீசல், ஆனால் 3,000 மீட்டர் உயரம்: இப்போது கிடைப்பது 14.8 கிராம். காகிதக் கணக்கில் எரிய இது போதும். நிஜ சிலிண்டருக்குள் போதாது. 4,000 மீட்டரில் 13.4 கிராம், இது காகிதத்தில்கூடப் போதாது.

எரியாமல் மிஞ்சும் டீசல் கரியாகி வெளியே வருவதுதான் அந்தக் கரும்புகை. இழுவை குறைந்ததற்கும் புகை கூடியதற்கும் காரணம் ஒன்றே. புகையோடு போனால் பரவாயில்லை. எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறுகிறது. கியரைக் குறைக்காமல், முழு மிதியில், நீண்ட ஏற்றத்தில் இப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையும் எக்ஸாஸ்ட் வால்வும்தான் அதற்கு விலை கொடுக்கும். கரி கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் ஆயிலிலும் சேரும்.

பம்புக்கு உயரம் தெரியுமா?

பெரும்பாலான பழைய பம்புகளுக்குத் தெரியாது. மிதிக்கு ஏற்பவும் வேகத்துக்கு ஏற்பவும் டீசலை அளந்து அடிப்பதே அவற்றின் வேலை. சில எஞ்சின்களில் மட்டும் இதற்கென ஒரு சின்னக் கருவி உண்டு, அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

பம்பின் மேல் ஒரு சிறு டப்பா. அதற்குள், உள்ளே காற்று இல்லாமல் அடைத்த மெல்லிய உலோகக் குமிழ்கள், மடிப்பு மடிப்பாக. வெளியே காற்றழுத்தம் அதிகமாக இருக்கும்போது அவை அமுங்கியிருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், குமிழ்கள் உப்பும். அந்த உப்பல் ஒரு சின்னத் தண்டைத் தள்ளி, முழு மிதியில் பம்ப் அடிக்கக்கூடிய உச்ச டீசல் அளவைக் குறைத்துவிடும். பழைய பாரோமீட்டருக்குள் இருக்கும் அதே வித்தைதான். மெர்சிடிஸின் ஓஎம் 617 டர்போ எஞ்சினில் 'ஆல்டா' என்ற பெயரில் பம்பின் மேல் உட்கார்ந்திருப்பது இந்த வகை. டர்போ தரும் அழுத்தத்தையும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் அது சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இதே போல வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் இன்னொரு கருவி பல டர்போ வண்டிகளின் பம்பில் இருக்கும்: ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வைத்த பூஸ்ட் கட்டுப்பாடு. பூஸ்ட் என்பது டர்போ தரும் கூடுதல் அழுத்தம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் டர்போ அழுத்தம், மறுபக்கம் வெளிக்காற்று. ஆகவே அதற்குத் தெரிவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மலைமேல் மொத்தக் காற்று குறைந்திருந்தாலும் வித்தியாசம் அதே அளவு இருந்தால், "எல்லாம் சரி" என்று நினைத்துக் கீழே அடித்த அதே அளவு டீசலை அடிக்கும். டர்போ வண்டியும் மேலே போய்ப் புகைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆல்டா வகைக் கருவி இருந்தும் வண்டி புகைத்தால், முன்பு யாராவது "பிக்கப் வேணும்" என்று அதன் ஸ்க்ரூவைத் திருகியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே உள்ள முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும். குமிழில் ஓட்டை விழுந்து உள்ளே காற்று புகுந்திருந்தால் கதை வேறு: குமிழ் உப்பியபடியே நின்றுவிடும், புகைக்குப் பதில் கீழேயும் இழுவை குறையும்.

டர்போ இருந்தால் தப்பிக்கலாமா?

பெருமளவு தப்பிக்கலாம். 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் டர்போ பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது பெட்ரோல் எஞ்சின், ஆனால் காற்றுப் பிரச்சினை ஒன்றேதான். டர்போ பெரிய அளவில் நடைமுறைக்கு வந்ததே உயரத்தைச் சமாளிக்கத்தான். கீழே வேகமாகப் போவது பின்னால் வந்த ஆசை.

முழுசாகத் தப்பிக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. பழைய டர்போவின் வேஸ்ட்கேட் (அழுத்தம் எல்லை தாண்டாமல் காக்கும் வால்வு), வெளிக்காற்றைவிட 0.8 பார் கூடுதல் அழுத்தம் வந்ததும் திறந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 1.01 பார், எஞ்சினுக்குள் போவது மொத்தம் 1.81 பார். 4,000 மீட்டரில் வெளிக்காற்று சுமார் 0.62 பார், அதே 0.8 சேர்த்தால் 1.42 பார்தான். டேஷ்போர்டில் பூஸ்ட் மீட்டர் இருந்தால் அது இரண்டு இடத்திலும் 0.8 என்றே காட்டும்!

இதில் கவலைப்பட வேண்டிய இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கீழே டர்போ காற்றை 1.8 மடங்கு அழுத்தினால் போதும், மேலே 2.3 மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. அதற்காக அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, காற்றையும் அதிகமாகச் சூடாக்குகிறது. வயதான பேரிங் உள்ள டர்போ மலைமேல் கையை விரிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பூஸ்ட் குறைவாக இருக்கிறதே என்று வேஸ்ட்கேட் ராடை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டுவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவனைச் சவுக்கால் அடிப்பது போல.

டர்போ உள்ள வண்டியிலும் குறைந்த வேகத்தில், அது சுற்ற ஆரம்பிக்கும் முன், எஞ்சின் டர்போ இல்லாத வண்டியின் நிலையில்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து மறுபடி மிதிக்கும்போது வரும் அந்த ஒரு மூச்சுக் கரும்புகை இதனால்தான். அது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம்.

காலையில் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். காற்று எவ்வளவு சூடாகும் என்பது பெரும்பாலும் எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பதையும், தொடக்கத்தில் அது எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதையும் பொறுத்தது. 21 மடங்கு அமுக்கும் பழைய ப்ரீ-சேம்பர் எஞ்சினில் (டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றும் வகை), கணக்குப்படி பார்த்தால், உள்ளே வரும் காற்று 30 டிகிரி குளிர்ந்திருந்தால் அமுக்கி முடிக்கும்போது ஏறக்குறைய 85 டிகிரி குறைந்துவிடும். அந்த மிச்சச் சூட்டையும் பனியில் விறைத்த சிலிண்டர் சுவர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. காற்று மெலிந்திருப்பதால் பற்றிக்கொள்ள எடுக்கும் நேரமும் நீள்கிறது. ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் வெள்ளைப்புகையும் கட்டைச் சத்தமும் வருவது இந்தத் தாமதத்தின் அடையாளம். எரியாத டீசல் ஆவியாக வெளியே போகிறது, அவ்வளவுதான்.

ஆகவே உயரத்துக் காலையில் வண்டியின் உயிர், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில் இருக்கிறது. நான்கில் ஒன்று போயிருந்தால் சமவெளியில் கண்டுபிடிக்கவே முடியாது; மேலே முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். குளிரில் பேட்டரியின் திறனும் சரிகிறது, ஆயிலும் கெட்டியாகி ஸ்டார்ட்டரை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்; மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று கசிந்து ஆறிப்போக நேரம் கிடைக்கும்.

டீசலும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள மெழுகு குளிரில் திரண்டு முதலில் ஃபில்டரை அடைக்கும். கோடைக்காலத்துக்கான டீசலைக் கீழே நிரப்பிக்கொண்டு மேலே போய் இரவு நிறுத்தினால், காலையில் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்றுபோகும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். குளிர்ப் பகுதியில் விற்கும் குளிர்கால டீசலை ஏற்றத்துக்கு முன்பே டேங்கிலும் பைப்பிலும் கலக்கும்படி நிரப்பிக்கொள்வது நல்லது. ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடவும் மறக்கக் கூடாது, அது உறைந்தாலும் இதே கதைதான்.

மீட்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

மலைமேல் உள்ள ஒர்க்‌ஷாப்பில் நடக்கக்கூடிய ஒரு காட்சி. புகைக்கிறதே என்று ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில், சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை மாட்டுகிறார்கள். கீழே 30 பார் காட்டிய சிலிண்டர் இங்கே 21 காட்டுகிறது. புத்தகத்தில் உள்ள குறைந்தபட்ச அளவைவிடக் கம்மி. "ரிங் போயிடுச்சு" என்று முடிவாகிறது.

ஆனால் 3,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் 69 சதவீதம்தான். உள்ளே போகும் காற்று அந்த விகிதத்தில் குறைந்தால், அமுக்கிய பிறகு வரும் அழுத்தமும் அதே விகிதத்தில்தான் குறையும். 30 என்பது 21 ஆனது எஞ்சின் நலமாக இருப்பதற்கான சாட்சி! உயரத்தில் கம்ப்ரஷன் பார்த்தால் சிலிண்டர்களுக்குள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று 21 காட்டி ஒன்று மட்டும் 15 காட்டினால், அப்போது கவலைப்படலாம்.

வெற்றிட இழுப்பை அளக்கும் வேக்கம் மீட்டரும் இப்படித்தான். டீசல் எஞ்சினில் காற்றுக் கதவு இல்லாததால், பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வேக்கத்தைத் தனி பம்ப் உருவாக்குகிறது. கீழே அந்த மீட்டர் 0.9 பார் வரை காட்டலாம். 4,000 மீட்டரில் வெளியே இருப்பதே 0.62 பார் என்னும்போது, எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அதற்கு மேல் காட்ட வழியே இல்லை. பம்பை மாற்றினாலும் அதே அளவுதான் வரும், பணம்தான் போகும்.

டயர் மட்டும் இதில் விதிவிலக்கு. வெளிக்காற்று குறைவதால் டயர் மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். குளிர் அதைக் குறைக்கிறது. இரண்டும் கழிந்து அளவு பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

ரேடியேட்டர் மூடி என்ற சின்னச் சமாச்சாரம்

4,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில், சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் தெர்மோஸ்டாட் திறப்பதே 80-க்கும் 88-க்கும் நடுவில்தான். அதாவது எஞ்சினின் சாதாரண வேலைச் சூடே அங்கே கொதிநிலை. வண்டியைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும். வெளிக்காற்றைவிட 1 பார் அதிக அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைத்தால், அதே உயரத்தில் கொதிநிலை 110 டிகிரிக்கு மேல் போய்விடும்.

வாஷர் விறைத்துப்போன பழைய மூடியோடு கீழே வருஷக்கணக்கில் ஓடலாம், யாருக்கும் தெரியாது. மேலே அது ஒரே ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்ட வைக்கும். கெட்டுப்போன ஒரு மூடிக்காகத் தண்ணீர் பம்ப், ஹெட் கேஸ்கெட் வரை போய் வேலை பார்த்திருக்கிறார்கள். மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துக்கொண்டு போகும் என்பதால், அதன் துடுப்புகளில் அடைத்திருக்கும் மண்ணையும் பூச்சிகளையும் கழுவிவிடுவதும் அவசியம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் இரண்டு பக்கமும் உதவும்: சீக்கிரம் கொதிக்காது, உறையாது.

எந்த வரிசையில் பார்ப்பது?

செலவும் வேலையும் குறைவானதிலிருந்து தொடங்குவோம்.

1. ஏர் ஃபில்டர். ஏற்கெனவே காற்று பற்றாக்குறை. அதில் தூசி அடைத்த ஃபில்டர் வேறு என்றால் தாங்காது. புதிதாகப் போடுங்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பும் ஆயில் கசிவும் இருக்கிறதா என்று கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

2. டீசல் வரும் வழி. பல வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலை எஞ்சின் பக்கத்துப் பம்பே உறிஞ்சுகிறது. உறிஞ்சுவது என்றாலும், உண்மையில் டீசலைத் தள்ளுவது டேங்கின் மேல் இருக்கும் வெளிக்காற்றுதான். அந்தத் தள்ளல் குறைந்த இடத்தில், பாதி அடைத்த ஃபில்டரும் தளர்ந்த கிளிப் வழியே நுழையும் காற்றும் திடீரென்று பெரிதாகத் தெரியும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டியூப் போட்டு ஓடவிட்டால், குமிழ்கள் வருகிறதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

3. ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் வால்வு இது. முழு மிதியில் மூடிவிட வேண்டும். கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டால், இருக்கும் கொஞ்சக் காற்றின் இடத்தையும் புகை பிடித்துக்கொள்ளும். உயரத்தில் கரும்புகைக்குச் சத்தமில்லாத காரணம் இது.

4. ஹீட்டர் பிளக்குகளும் பேட்டரியும். ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். விளக்கு எரிந்து அணைவதை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

5. நாசில். தூளாகத் தெளிக்காமல் சொட்டும் நாசில் கீழே தாக்குப்பிடிக்கும். மேலே காற்று மெலிந்திருப்பதால் டீசல் தெளிப்பு இன்னும் தூரம் பாய்ந்து சிலிண்டர் சுவரில் படும். அங்கிருந்து ஆயிலோடு கலக்கும்.

6. டைமிங், அதாவது பம்ப் டீசலை அடிக்கும் நேரம். பற்றத் தாமதமாவதால், பம்ப் டைமிங் அனுமதித்த எல்லைக்குள் சற்று முன்கூட்டியே இருப்பது மேலே உதவும். எல்லையைத் தாண்டக் கூடாது. கீழே இறங்கியதும் எஞ்சின் தட்டும்.

7. முழு மிதி டீசல் அளவு. உயரம் உணரும் கருவி இல்லாத வண்டி, மாதக்கணக்கில் மேலேயே இருக்கப் போகிறது என்றால் மட்டும் இதைத் தொடலாம். பம்பில் உள்ள உச்ச அளவு ஸ்க்ரூவைக் குறைக்கும் பக்கம் கொஞ்சம் திருப்புவது. திருப்பும் முன் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துப் புகை மெலிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். சுழலும் வகைப் பம்புகளில் இந்த ஸ்க்ரூவைத் தொட்டால் ஐடிலும் (மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) மாறும், அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இழுவை போதவில்லை என்று இதே ஸ்க்ரூவைக் கூட்டும் பக்கம் திருப்புவதுதான் நான் அடிக்கடி கேள்விப்படும் தவறு. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் கூடுவது புகையும் சூடும் மட்டுமே. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். நல்ல ஃபில்டர் தடுக்கும் காற்று மிகக் குறைவு, அது தடுக்கும் மணல் மிக அதிகம். டேங்கில் ஊற்றும் 'பவர்' பாட்டில்கள் மெழுகுக்கோ பற்றும் தன்மைக்கோ ஓரளவு உதவலாம், காற்றை அவற்றால் கொண்டுவர முடியாது.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்

மூன்றில் ஒரு பங்கு சக்தி இல்லாத எஞ்சினைக் கீழே ஓட்டிய அதே கியரில் ஓட்ட முடியாது. திணறும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் சுற்றவிட்டு, மிதியை முக்கால் அளவோடு நிறுத்துவது நல்லது. கண்ணாடியில் புகை தெரிகிறதா? அதற்கு மேல் மிதிப்பதில் பயன் இல்லை என்று அர்த்தம். மிதியைப் புகை மறையும் வரை தளர்த்தினால் வேகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், வீணாகப் போன டீசல்தான் மிச்சமாகும். ஏசியை அணைத்துவிடலாம். உச்சியில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் டர்போவைச் சில நிமிடம் ஐடிலில் ஆறவிடவும்.

இறக்கம்தான் உண்மையில் ஆபத்தானது, ஆனால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வேக்கம் குறைந்திருப்பதால் பிரேக் பூஸ்டரின் உதவி குறையும். மிதி கட்டையாகத் தெரியும், கூடுதல் பலம் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டுப் பலமுறை மிதித்தால் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்கம் தீர்ந்து, பம்ப் அதை மறுபடி நிரப்புவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இன்னொன்று, காற்றுக் கதவு இல்லாத டீசல் எஞ்சின், அதே கியரில் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வண்டியை இழுத்துப் பிடிக்காது. அதனால் ஏறிய கியரைவிட ஒன்று குறைவாகப் போட்டே இறங்குவது பழைய டீசல்காரர்களின் பழக்கம். நியூட்ரலில் உருட்டுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் கூடவே கூடாது. எஞ்சின் நின்றால் வேக்கம் பம்பும் நின்றுவிடும்.

கீழே வந்த பிறகு

முதலில் ஆயில் குச்சி. மேலே சில வாரம் ஓடிய வண்டியில் ஆயில் அளவு கூடியிருந்தால், அல்லது குச்சியில் டீசல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றிவிட வேண்டும். டீசல் கலந்த ஆயில் மெலிந்து பேரிங்கைக் காப்பாற்றாது. கூலன்ட் அளவையும் ஆறிய பிறகு பார்க்கவும்.

பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால் பெயின்ட் கோட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மறந்துவிட்டால் எஞ்சினுக்குச் சேதம் ஏதும் இல்லை. ஆனால் சமவெளியிலும் வண்டி சோம்பிக் கிடக்கும். காரணம் மறந்துபோன வேறொருவர் ஆறு மாதம் கழித்து அந்தப் பம்பைக் கழற்றிப் பிரித்துக்கொண்டிருப்பார்.